ஊர்ப் பாடசாலையும் வரும் விழாக்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சமயமும் வாலிபரும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறே நம் காரியதரிசி முதலிற் கேட்டனர். அப்பொருள்பற்றி இம்மேடையிலே நம்மினும் வல்லவர்கள் பலமுறை பேசியிருக்கின்றார்கள். ஆதலின், கோயிலின் மேலை வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் நமது ஆரம்பப் பாடசாலையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். அதுவும் சமயத்துக்குப் புறம்பான பொருளன்று என்று கூறி அவர் இசைந்தனர். அவருக்கு நன்றி.

புரட்டாதி பிறந்துவிட்டது. பாடசாலைக்கு இது விழாக்காலம். ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினம். 6ஆம் திகதி ஆசிரியர் தினம். அந்நாட்களை அடுத்தே நவராத்திரியும் வாணி விழாவும். பின்னர் மாதிரிச் சந்தை, கார்த்திகை மகத்திலே நாவலர் குருபூசை, ஆண்டிறுதியிலே பரிசளிப்பு விழா. புதிய கல்வியாண்டு தொடங்கியதும் முதலாம் வகுப்புப் பாலரை வரவேற்கும் கால்கோள் விழா. இத்தனையும் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் அதிபர் நம் சங்கத்துக்கு அழைப்பிதழ் அனுப்புவார். நாமும் நன்கொடைப் புத்தகத்தில் ஒரு தொகை எழுதுவோம். நம் தலைவருக்கு மேடையில் ஒரு கதிரை கிடைக்கும். அடுத்த விழா வரும்வரை அந்தப் படலையை நாம் திறக்கமாட்டோம். இவ்வாண்டும் அப்படியே நடக்கப் போகின்றதா என்பதைத்தான் உங்கள் முன் கேட்க வந்தோம்.

காலை ஏழு மணிக்கு நமது சந்தியிலே நின்று பாருங்கள். பட்டணத்துப் பாடசாலைகளுக்குப் போகும் வான்களும் ஆட்டோக்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஐந்து வயதுப் பிள்ளை, தன் முதுகினும் பெரிய புத்தகப் பையோடு, வானின் கண்ணாடியிலே தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டு போகும். அந்த வான் நமது பாடசாலை மதிலை உரசிக்கொண்டுதான் போகின்றது. மதிலுக்கு உள்ளே, ஒரு காலத்தில் இடமின்றி மரநிழலிலும் வகுப்பு நடந்த வளவிலே, இன்று ஒரு வகுப்புக்கு விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகள் இருக்கின்றார்கள்.

இதற்குக் காரணம் பல. பிறக்கும் பிள்ளைகள் குறைவு. ஊரிலிருந்து கடல்கடந்து போன குடும்பங்கள் அதிகம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் முடிவிலே வலிகாமத்து மக்கள் ஏறக்குறைய அனைவரும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது போன சிலர் பின்பு திரும்பவேயில்லை. இவை நம் கையில் உள்ளவையல்ல. வேறொன்றும் உண்டு. பிள்ளைத்தொகை குறைந்தால் ஆசிரியர் தொகை குறைக்கப்படும். ஆசிரியர் குறைந்தால் இரண்டு வகுப்பை ஒருவரே பார்ப்பார். இரண்டு வகுப்பை ஒருவர் பார்க்கின்றார் என்று கேள்விப்பட்ட தாய் தன் பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்புவார். பிள்ளைத்தொகை இன்னும் குறையும். செக்குமாடு சுற்றுவதுபோல இது சுற்றிக்கொண்டேயிருக்கும். இதை எங்கேயோ ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் ஒரு நாள் கல்விப் பகுதியினர் வந்து கதவுக்குப் பூட்டுப் போடுவார்கள். அயலூர்களிலே பூட்டப்பட்ட சிறிய பாடசாலைகளை நாம் கண்டிருக்கின்றோம். அவற்றின் கூரையிலே முதலில் ஓடு போகும். பின்பு மரம் போகும்.

சொல்லக் கூசும் காரணமும் ஒன்று உண்டு. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். தம் பிள்ளைக்குப் பக்கத்தில் எவருடைய பிள்ளை இருக்கின்றது என்று பார்த்து ஊர்ப் பாடசாலையை விட்டுப் போவோரும் நம்முள்ளே சிலர் இருக்கின்றார்கள். வாயாற் சொல்லமாட்டார்கள், ஆங்கிலம் போதாது, விளையாட்டுத் திடல் போதாது என்பார்கள். 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டுமென்று விதி வந்தபோது, யாழ்ப்பாணத்திலே சில பாடசாலைகளுக்கு நெருப்பு வைக்கப்பட்டது. பிற்காலத்திலே கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கிய ஹண்டி பேரின்பநாயகமும், 1924ஆம் ஆண்டு தோன்றிய வாலிபர் இயக்கத்தில் அவரோடு நின்றவர்களும், சாதி வேற்றுமையின்றி ஒரே பந்தியில் இருந்து உண்டு காட்டினார்கள். அவர்களும் நம் வயதுடைய வாலிபர்களே. அன்று நெருப்பு வைத்தார்கள். இன்று வான் பிடிக்கின்றார்கள். நெருப்பைவிட வான் மேல் என்று ஒருவர் நம்மிடம் வேடிக்கையாகச் சொன்னார். எரிந்த பாடசாலையைத் திரும்பக் கட்டலாம். வான் பிடித்தால் கட்டவேண்டிய காரணமே இல்லாமற் போகின்றதே என்று நாம் மறுமொழி சொன்னோம்.

பாடசாலை எப்படி ஊருடைய பொருளாக இருந்தது என்பதைச் சிறிது நினைப்போம். அமெரிக்க மிசனார் 1816ஆம் ஆண்டு தெல்லிப்பழையில் வந்து அமர்ந்தபின், வலிகாமத்திலே மூலைக்கு மூலை அவர்களுடைய சிறு பாடசாலைகள் எழுந்தன. எழுத்தும் கணக்கும் அறியவேண்டிய பிள்ளை அங்கே போயிற்று. ஆறுமுக நாவலர் அவர்கள் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். அவர்களே வெஸ்லியன் மிசன் பாடசாலையிலே படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர்கள். மிசனார் செய்ததைக் கூர்ந்து பார்த்து, அச்சுக்கூடம், வகுப்புமுறை, பாலருக்கேற்ற வசன நூல் ஆகிய நல்லவற்றை எடுத்துக்கொண்டார்கள். பாலபாடங்கள் அப்படிப் பிறந்தவை. 1923ஆம் ஆண்டு தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், இந்துபோட் இராசரத்தினம் அவர்களுடைய அயராத உழைப்பினாலே, பாடசாலையில்லாத குறிச்சிகளிலும் பாடசாலைகளை உண்டாக்கியது. காணி ஒருவர் கொடுப்பார். பனைமரம் ஒருவர் தறித்துக் கொடுப்பார். கிடுகு பின்னித் தாய்மார் கொடுப்பார்கள். பிடியரிசி சேர்த்து ஆசிரியரைக் காப்பாற்றிய கதைகளை இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்கள் தம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பார்கள்.

1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தது. கன்னங்கரா அவர்களை நன்றியோடு நினையாத ஏழைக் குடும்பம் இந்நாட்டிலே இருக்க முடியாது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினாலே உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1980ஆம் ஆண்டிலிருந்து பாடநூல் இலவசம். 1993ஆம் ஆண்டிலிருந்து சீருடைத் துணி இலவசம். இவை யாவும் நன்மைகளே. ஆயினும் மனேச்சர் போனபோது, அவரோடு கூடவே ஊரும் சிறிது விலகிப்போயிற்று என்பது நமது எண்ணம். கூரை ஒழுகினால் முன்பு ஊர் ஏணி எடுத்தது. இப்பொழுது ஊர் மனு எழுதுகின்றது. மனு எழுதுவதை நாம் குறைசொல்லவில்லை. மனு போய்த் திரும்பி வருவதற்கிடையில் ஒரு மாரி கழிந்துவிடுகின்றது, அவ்வளவுதான்.

இனி விழாக்களுக்கு வருவோம்.

வாணி விழாவே முதன்மையானது. ஒன்பது இரவுகளில் முதல் மூன்று துர்க்கைக்கு, அடுத்த மூன்று இலக்குமிக்கு, கடைசி மூன்று சரசுவதிக்கு. பாடசாலையிலே நாளுக்கொரு வகுப்பு பூசையை ஏற்று நடத்தும். கும்பம் வைத்து, அவலும் கடலையும் படைத்து, பிள்ளைகள் பாடி ஆடுவார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கின்றது. சென்ற ஆண்டு மூன்று மாலைகள் அங்கே போயிருந்தோம். ஆடியவர்கள் எவர்? வெளியே சம்பளம் கொடுத்து நடனம் பழகும் நாலைந்து பிள்ளைகள். மூன்று மாலையும் அவர்களே ஆடினார்கள். உடையை மாத்திரம் மாற்றினார்கள். மற்றப் பிள்ளைகள் நிலத்தில் இருந்து கைதட்டினார்கள். அவர்களுட் சிலருடைய தாய்மார் வரவேயில்லை. தம் பிள்ளை மேடையேறாத விழாவுக்கு, தோட்டத்துக் கூலியை விட்டுவிட்டு ஏன் வரவேண்டும்?

இவ்விடத்திலே மிசன் பாடசாலையில் நாம் கண்ட ஒன்றைச் சொல்வது தவறாகாது. மார்கழியிலே அங்கே ஒளி விழா நடக்கும். யேசு பாலன் பிறந்த கதையை நாடகமாக்குவார்கள். அதிலே பேசும் பாத்திரம் சிலவே. ஆனால் வகுப்பிலே முப்பது பிள்ளையிருந்தால் முப்பதுக்கும் வேடம் உண்டு. இடையர் பத்துப்பேர், தேவதூதர் எட்டுப்பேர், மிஞ்சியவர்கள் ஆடுகள். நாம் இரண்டு ஆண்டுகள் ஆடாகவும் ஓராண்டு இடையனாகவும் நின்றோம். வாய்திறந்து ஒரு சொல்லும் பேசவில்லை. திருநீறு பூசிக்கொண்டு எம் அன்னையார் முன்வரிசையில் இருந்து, எந்த ஆடு தம் பிள்ளை என்று பக்கத்திலிருந்தவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பாடசாலையின் சமயம் எமது சமயமன்று. ஆயினும் அந்த முறை நமக்கு வேண்டியதாகும். நாவலர் அவர்கள் எடுத்துக்கொண்டதுபோல நாமும் எடுத்துக்கொள்ளலாம். நவராத்திரிக் கதையிலே அசுரர்களுக்கும் தேவர்களுக்கும் பஞ்சமா? மகிடாசுரன் சேனைக்கு எத்தனை பிள்ளைகளும் வேண்டும். இதனை அதிபரிடம் கூறினோம். பழக்குவதற்கு மாலை வேளையிலே ஆளில்லை என்றார். ஆள் இங்கே இருக்கின்றது. இந்த மண்டபத்தின் பின்வரிசையிலே சுவரிற் சாய்ந்து நிற்கின்றது.

விசயதசமியன்று ஏடு தொடக்குதல். பழைய நாளிலே ஓலையில் எழுத்தெழுதி மஞ்சள் பூசிக் கொடுத்து, தட்டிற் பரப்பிய அரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிப்பார்கள். அதைப் பாடசாலையிலே தலைமை உபாத்தியாயரே செய்துவைத்த காலம் ஒன்றிருந்ததைப் பெரியோர்கள் அறிவார்கள். இன்று நம் ஊரிலே கோயிலில் மாத்திரமே நடக்கின்றது. கோயிலில் நடப்பது நன்றே; அதனை நிறுத்தச் சொல்லவில்லை. மாலையிலே மானம்பூத் திருவிழாவுக்கு எப்படியும் எல்லாரும் கோயிலுக்கு வரத்தான் போகின்றோம். காலையிலே, கோயிலில் எழுதிய பிள்ளையை அப்படியே கையிற் பிடித்துப் பாடசாலைக்குக் கொண்டுவந்து, முதலாம் வகுப்பு அறையிலே இன்னொருமுறை எழுதுவித்தால் என்ன? மூன்று வயதுப் பிள்ளையின் தாய் அந்த அறையை அன்றுதான் முதன்முறை உள்ளே வந்து பார்ப்பார். சுவரிலே ஒட்டியிருக்கும் படங்களையும், குட்டிக் கதிரைகளையும், வகுப்பு ஆசிரியையின் முகத்தையும் பார்ப்பார். இரண்டு ஆண்டு கழித்து எந்தப் பாடசாலை என்று யோசிக்கும்போது அந்த அறை நினைவுக்கு வரும். ஐயர் அவர்களிடம் இதுபற்றிப் பேசினோம். பாடசாலைக்குத் தாமும் வருவதாகச் சொன்னார்.

அன்று பொங்கற் பானை வைப்பதைப்பற்றி ஒரு வார்த்தை. இப்பொழுது பாடசாலை உணவுத் திட்டத்தின்கீழ் நம் ஊர்த் தாய்மாரே சமைத்துக் கொடுக்கின்றார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பானைச் சோற்றைத் தினமும் உண்ணுகின்றார்கள். ஆனால் வாணி விழா வந்தவுடன் பானை வேறு வீடுகளுக்குப் போய்விடுகின்றது. நாடோறும் சமைக்கும் அந்தக் கைகளே விசயதசமிப் பொங்கலையும் பொங்கட்டும் என்று சங்கம் கேட்கவேண்டும். இதை எவரேனும் மறுத்தால், மறுப்பவர் இந்தச் சபையிலே எழுந்து மறுக்கட்டும்.

சிறுவர் தினத்தையும் ஆசிரியர் தினத்தையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இனிப்புக் கொடுப்பதை ஆசிரியர்களும், மாலை போடுவதைப் பிள்ளைகளும் நன்றாகவே செய்கின்றார்கள். பழைய ஆசிரியர்கள் ஊரிலே இருவர் தனித்திருக்கின்றார்கள். 6ஆம் திகதி அவர்களை அழைத்துவர ஒரு வாகனம் மாத்திரம் வேண்டும்.

மாதிரிச் சந்தை நமக்கு மிகப் பிடித்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து முருங்கைக்காய், வாழைப்பொத்தி, தேசிக்காய், கீரைப்பிடி, பனங்கிழங்கு கொண்டுவந்து சாக்கு விரித்துக் கடைபோடுவார்கள். நிறுப்பதும் காசு எண்ணுவதும் மிச்சம் கொடுப்பதும் அவர்களே. கணக்கு நூலிலே ஒரு மாதம் படித்தும் ஏறாதது அன்று ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும். சென்ற முறை நாம் இருபது ரூபாய்க் கீரைக்கு நூறு ரூபாய்த் தாள் கொடுத்தோம்; விற்ற சிறுமி எண்பதை மூன்றுமுறை எண்ணிப்பார்த்தே தந்தாள். நம் முகம் நம்பத்தக்கதாய் இல்லைப் போலும். பெற்றோர்களில் ஒருசாரார், படிக்கிற பிள்ளைக்கு வியாபாரம் எதற்கு என்று முகம் சுளித்தார்கள். தோட்டத்தையும் சந்தையையும் நம்பி வளர்ந்த ஊரிலே இக்கேள்வி எழுவது வியப்பே. இவ்வாண்டு சங்கத்தினர் ஒவ்வொருவரும் வெறுங்கூடையோடு அங்கே போகவேண்டும். சில்லறைக் காசு கொண்டுபோதல் நலம்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையைப்பற்றிப் பேசாமல் விட முடியாது. கிராமத்து ஏழைப் பிள்ளைகளுள் வல்லவர்களைப் பொறுக்கி, உதவிப்பணத்தோடு மத்திய கல்லூரிகளிலே சேர்ப்பதற்காக 1940களிலே எழுந்த ஏற்பாடு அது. இன்று என்ன நடக்கின்றது? மூன்றாம் வகுப்பிலேயே ரியூசன் தொடங்குகின்றது. பாடசாலை விட்டு வந்த பிள்ளை சோறு தின்றதும் மீண்டும் கொப்பியோடு ஓடுகின்றது. முடிவு வந்ததும் வெட்டுப்புள்ளிக்கு மேலெடுத்த பிள்ளையின் படம் சந்தியிலே ஆளுயரத்துக்குத் தொங்குகின்றது. சென்ற முறை அப்படி ஒரு படத்தை நம் சங்கமே தொங்கவிட்டது. அந்தப் பிள்ளையை வாழ்த்தியதிற் குற்றமில்லை. ஆனால் அவ்வகுப்பிலே இருந்த மற்றப் பிள்ளைகள் தினமும் அப்படத்தின் கீழாகத்தான் பாடசாலைக்குப் போனார்கள். பத்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்து என்ன நினைத்திருக்கும்? இம்முறை அந்தப் பணத்தை வாசிப்பு நூல்களுக்குக் கொடுக்கலாம் என்று நம் செயற்குழுவிலே பிரேரிக்கவிருக்கின்றோம். பல்கலைக்கழகத்திலே படிப்பவர்கள் நம் ஊரில் ஏழெட்டுப் பேராவது உண்டு. விடுமுறையிலே கிழமைக்கு இரண்டு மாலை பாடசாலை மண்டபத்திலே இருந்து, பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டலாம். வாசிக்கத் தடுமாறும் பிள்ளை நான்காம் வகுப்பிலும் இருக்கின்றது என்று ஆசிரியைகள் சொல்கின்றார்கள். ஆனால் அது இன்னொரு ரியூசன் வகுப்பாக மாறிவிடக் கூடாது. மாறுமாயின் நாமே முதலில் விலகிக்கொள்வோம்.

பரிசளிப்பு விழாவைப்பற்றி ஒரேயொரு வேண்டுகோள். பிரதம விருந்தினர் பிந்தி வந்தாலும் குறித்த நேரத்தில் தொடங்கிவிடுவோம். பொன்னாடைகளைக் குறைத்து அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கிப் பரிசாகக் கொடுப்போம். பகல் ஒரு மணிக்கே வந்து வெயிலில் வரிசையாக இருக்கும் பிள்ளைகளுக்கு முன்னாலே ஒன்பது பேர் பேசுவது, பேசுபவர் எவ்வளவு கற்றவராயினும், தண்டனையே. நாமும் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருக்கின்றோம் என்பது தெரிகின்றது. உங்களுக்கு மின்விசிறியேனும் இருக்கின்றது.

ஊர் பாடசாலைக்கு வராது என்று எவரும் எண்ணவேண்டாம். இவ்வாண்டு விளையாட்டு விழாவைக் கண்டவர்கள் அதை அறிவார்கள். பிள்ளைகள் குறைவானபடியால் ஒவ்வொரு பிள்ளையும் மூன்று போட்டிக்கு ஓடியது. தேசிக்காயும் கரண்டியும், சாக்கோட்டம், பணிஸ் உண்ணல், போத்தலில் நீர் நிரப்பல் என்று மூச்சுவிட நேரமில்லை. பழைய மாணவருக்கும் தாய்மாருக்கும் நடந்த கயிறிழுத்தலிலே நம் சங்கத்து வாலிபர்கள் தோற்றார்கள். அந்தச் சிரிப்பு வேலிக்கு அப்பால் மூன்று ஒழுங்கைக்குக் கேட்டது. கனடாவிலும் இலண்டனிலும் உள்ள நம்மவர்கள் ஒளிநாடாவிலே அதைப் பார்த்துத் தொலைபேசியில் விசாரித்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தினாலே வகுப்பறை ஒன்று புதிதாகியது; அதற்கு ஊர் கடமைப்பட்டிருக்கின்றது. அந்த வகுப்பறையிலே பிள்ளைகளை நிரப்புவது மாத்திரம் அவர்களால் முடியாதது.

வாணி விழாவுக்கு முந்திய சனிக்கிழமை, காலை ஆறரை மணிக்குப் பாடசாலைப் படலையடியிலே கூடுவோம் என்று அதிபரோடு பேசி முடிவுசெய்திருக்கின்றோம். கிணறு இறைக்கவேண்டும், பின்வேலி அடைக்கவேண்டும், மேற்குப் பக்கத்து ஓடுகள் பதினொன்று மாற்றவேண்டும். மண்வெட்டியும் கத்தியும் உள்ளவர்கள் கொண்டுவருக. தேநீருக்குத் தாய்மார் பொறுப்பு. மகிடாசுரன் சேனைக்குப் பழக்கம் அன்று பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கும். ஓடு மாற்ற ஏணி வேண்டும். சங்கத்துக்குச் சொந்தமான ஏணி ஒன்று உண்டு. கோயில் திருவிழா முடிந்தபின் அது எவர் வீட்டில் நிற்கின்றது என்பதை அறிந்தவர்கள், கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் தெரிவிப்பார்களாக.